அனுபவம் இருக்கிறதாம்

பிரட் ட்ரெலிவிங் 2023இல் மேப்பிள் லீஃப்ஸின் ஜி.எம். ஆனார். மே 31ஆம் திகதி அறிவித்தார்கள், அடுத்த நாள் மேடையில் இருத்திக் கமராக்களுக்குக் காட்டினார்கள். அன்றிலிருந்து ரேடியோவில், வட்ஸ்அப் குழுவில், கலியாண வீட்டு மேசையில், எங்கே போனாலும் ஒரே வசனம்தான்: "பரவாயில்லை, அனுபவம் உள்ள ஆள்."

எனக்கு இந்த நியமனம் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். ஹொக்கி பார்க்காதவர்களும் வாசிக்கலாம், ஏனென்றால் இது அரைவாசி ஹொக்கி, மிச்சம் ஆளை வேலைக்கு எடுப்பது பற்றியது. உங்களில் பலர் இன்னும் இரண்டொரு வருடத்தில் வேலை தேடப் போகிறவர்கள்.

முதலில் ஜி.எம். என்றால் யார் என்று பார்ப்போம். பயிற்றுநர் இல்லை. பனியில் யார் இறங்குவது, யார் வாங்கில் இருப்பது என்று முடிவெடுப்பவர் பயிற்றுநர். அந்தப் பயிற்றுநரையும் வீரர்களையும் யாரென்று முடிவெடுப்பவர் ஜி.எம். யாரை டிராஃப்டில் எடுப்பது, யாரை மாற்றுவது, யாருக்கு எத்தனை வருடம் எத்தனை மில்லியன் என்று கையெழுத்திடுவது அவருடைய வேலை. ஒரு கோல் விழுந்தால் நாங்கள் கோலியைத் திட்டுகிறோம். அந்தக் கோலியை மூன்று வருடத்துக்கு முதல் ஒரு அறைக்குள் இருந்து தெரிவு செய்தவரை யாரும் திட்டுவதில்லை. ஜி.எம். வேலையின் சுகமே அதுதான். பிழையும் அதன் விளைவும் ஒரே வருடத்தில் வருவதில்லை.

ஆகவே ஒரு ஜி.எம்மை அளக்கவேண்டுமென்றால் பழைய கணக்கைத்தான் பார்க்கவேண்டும். ட்ரெலிவிங்கின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது, ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. 2014 ஏப்ரலில் இருந்து 2023 ஏப்ரல் வரை கல்கரி ஃபிளேம்ஸின் ஜி.எம். முழுதாக ஒன்பது சீசன். அதில் ஐந்து முறை பிளேஓஃப், நான்கு முறை வீட்டில். தொடர் வென்றது 2015இல் வன்கூவருக்கு எதிராக ஒன்று, 2022இல் டலஸுக்கு எதிராக ஒன்று. 2020இல் கொரோனாக் காலத்துத் தகுதிச் சுற்றில் வினிப்பெக்கை வென்றதையும் சேர்த்தால் இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்றுநர்கள் ஐந்து பேர்: ஹார்ட்லி, குலுட்சன், பீற்றர்ஸ், வோர்ட், சட்டர்.

இப்போது லீஃப்ஸ் அனுப்பிவிட்ட கைல் டூபஸின் கணக்கையும் பக்கத்தில் வைப்போம். ஐந்து சீசன், ஒரே ஒரு தொடர் வெற்றி. அந்த ஒன்றும் 2023 ஏப்ரலில் டம்பாவுக்கு எதிராக வந்தது. 2004க்குப் பிறகு லீஃப்ஸ் வென்ற முதல் தொடர். உங்களில் பலர் பிறந்த பிறகு நடந்த முதல் வெற்றி அது. அந்த இரவு ஸ்காபுறோவில் கார் ஹோர்ன் அடித்தவர்களில் எங்கட பெடியள் எத்தனை பேர் என்று நான் சொல்லத்தேவையில்லை. அடுத்த சுற்றில் புளோரிடா ஐந்து ஆட்டத்தில் முடித்துவிட்டது.

டூபஸைப் போகச் சொன்னது சரியா பிழையா என்று இங்கே வாதாட வரவில்லை. அவர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. நஸீம் காட்ரியை 2019இல் கொலராடோவுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தோம், அவர் 2022இல் ஸ்டான்லி கோப்பையை லண்டன், ஒன்ராறியோவில் உள்ள பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார். என் கேள்வி வேறு. ஐந்து வருடத்தில் ஒரு தொடர் போதாது என்று ஒருவரை அனுப்பினால், ஒன்பது வருடத்தில் இரண்டு வென்றவரைக் கொண்டுவருவது என்ன கணக்கு? இது முன்னேற்றம் என்றால் எனக்கு யாராவது கணிதம் திரும்பப் படிப்பிக்கவேண்டும்.

சரி, தொடர் வெற்றியை மட்டும் வைத்து அளக்கக்கூடாது என்பீர்கள். ஏழு ஆட்டத் தொடரில் அதிர்ஷ்டம் நிறைய இருக்கிறது, கம்பத்தில் பட்ட பக் உள்ளே போகலாம், வெளியே போகலாம். ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அதிர்ஷ்டம் அதிகம் இல்லாத இடத்தைப் பார்ப்போம். ஒப்பந்தங்கள்.

2022 கோடையில் கல்கரியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், முழு வாதமும் அதில்தான் நிற்கிறது. அந்த சீசன் ஃபிளேம்ஸ் 111 புள்ளி எடுத்தது, நல்ல அணி. ஜொனி கோட்ரோ 115 புள்ளி, மத்யூ கச்சக் 104 புள்ளி. லீக்கிலேயே மிகச் சிறந்த ஒரு வரிசையில் இருவரும் சேர்ந்து ஆடினார்கள். அந்த இருவரின் ஒப்பந்தமும் ஒரே கோடையில் முடிந்தது.

அது விதியால் நடந்ததல்ல. கோட்ரோவோடு 2016இல் ஆறு வருடத்துக்குக் கையெழுத்திட்டவர் ட்ரெலிவிங். கச்சக்கோடு 2019இல் மூன்று வருடத்துக்குக் கையெழுத்திட்டவரும் ட்ரெலிவிங். 2016உடன் ஆறைக் கூட்டுங்கள், 2019உடன் மூன்றைக் கூட்டுங்கள். இரண்டும் 2022. என் வேலையில், ஒரு நிறுவனத்தின் முக்கியமான இரண்டு மென்பொருள் உரிமங்களும் ஒரே நாளில் காலாவதியாகும்படி யாராவது ஒப்பந்தம் போட்டால், அந்த நாள் வருவதற்கு முதலே கூட்டம் வைத்துக் காரணம் கேட்பார்கள். ஒன்று நின்றால் மற்றதில் ஓடலாம், இரண்டும் ஒன்றாக நின்றால் கடையைப் பூட்டவேண்டியதுதான். இது பெரிய பொறியியல் இல்லை. எங்கட அம்மாமார் சீட்டுக் கட்டும்போதே கவனிக்கிற விஷயம், எல்லாச் சீட்டும் ஒரே மாதத்தில் முடிகிற மாதிரி யாரும் போடமாட்டார்கள்.

ஜூலை 13ஆம் திகதி கோட்ரோ கொலம்பஸுக்குப் போனார். கல்கரிக்குக் கிடைத்தது பூச்சியம். ஒரு வீரர் இல்லை, ஒரு டிராஃப்ட் தெரிவு இல்லை. கச்சக் இன்னும் ஒரு வருடம் கல்கரியின் கட்டுப்பாட்டில் இருந்தார், ஆனால் நீண்டகாலத்துக்குக் கையெழுத்திடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கோட்ரோ போன ஒன்பதாவது நாள் அவரைப் புளோரிடாவுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஜொனத்தன் ஹூபர்டோ, மெக்கென்சி வீகர், கோல் ஷ்விண்ட், ஒரு முதல் சுற்றுத் தெரிவு.

அன்று எல்லோரும் ட்ரெலிவிங்குக்குக் கைதட்டினார்கள். மூலையில் மாட்டுப்பட்ட மனிதன் எப்படி வெளியே வந்தான் பாருங்கள் என்றார்கள். வந்தது உண்மைதான். ஆனால் அந்த மூலைக்குள் அவரைத் தள்ளியது யார்? வீட்டுக்குள் அடுப்பை எரியவிட்டுப் போய், பிறகு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து அணைத்தவருக்குத் தீயணைப்பு விருது கொடுப்பது போல இருக்கிறது.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். ஹூபர்டோ கல்கரிக்காக ஒரு ஆட்டமும் ஆடமுதலே அவருக்கு எட்டு வருடம், 84 மில்லியன் டொலர், வருடத்துக்கு 10.5 மில்லியன் என்று ஒப்பந்தம். அப்போது அவருக்கு வயது 29. புளோரிடாவில் 115 புள்ளி எடுத்தவர், கல்கரியில் முதல் சீசனில் எடுத்தது 55. ஒரு சீசனில் இருந்து அடுத்த சீசனுக்கு இவ்வளவு பெரிய வீழ்ச்சி என்.எச்.எல். வரலாற்றில் இல்லை. அந்த எட்டு வருடமோ 2023 இலையுதிர்காலத்தில்தான் தொடங்கியது. 2031 வரை கல்கரி கட்டும். கையெழுத்திட்டவர் 2023இல் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார்.

கச்சக்? புளோரிடாவில் 109 புள்ளி. லீஃப்ஸை வீட்டுக்கு அனுப்பிய அணியின் முன்னால் நின்றவர் அவர்தான். அதே அணியில் இருந்த சாம் பெனட், ட்ரெலிவிங் 2014இல் தன் முதல் டிராஃப்டில் நான்காவதாக எடுத்து, 2021இல் ஒரு இரண்டாம் சுற்றுத் தெரிவுக்கும் ஒரு இளம் வீரருக்கும் புளோரிடாவுக்குக் கொடுத்த ஆள். எங்கட மத்யூ நைஸ் தலையில் அடிபட்டுத் தொடரில் இருந்து வெளியேறியது பெனட் விழுத்தியதால். அதாவது எங்களைத் தோற்கடித்தவர்களைப் புளோரிடாவுக்கு விநியோகம் செய்தவரை நாங்கள் வேலைக்கு எடுத்தோம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நானும் சிரித்தேன்.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். 2022-23 சீசனில் கல்கரி இரண்டே இரண்டு புள்ளியால்தான் பிளேஓஃப் தவறியது. கோலி மார்க்ஸ்ட்ரோமின் தடுப்பு விகிதம் .922இல் இருந்து .892க்கு விழுந்ததை எந்த ஜி.எம்மும் எதிர்பார்த்திருக்கமாட்டார். டிராஃப்டிலும் அவருடைய ஆட்கள் கெட்டிக்காரர்கள். மஞ்சியாப்பானே ஆறாம் சுற்றில், கோலி டஸ்டின் வுல்ஃப் ஏழாம் சுற்றில் கிடைத்தவர்கள். வீகரும் காட்ரியும் நல்ல சேர்க்கைகள் என்றே நினைக்கிறேன். ட்ரெலிவிங் ஒன்றும் தெரியாதவர் என்று நான் சொல்லவில்லை. பெரிய நட்சத்திரங்களின் ஒப்பந்தம் முடிகிற நேரத்தைக் கையாளுவதில் அவருடைய பதிவு மோசம் என்று சொல்கிறேன். லீஃப்ஸுக்கு அப்போது தேவைப்பட்ட ஒரே வேலை அதுதான்.

பாருங்கள். 2023இல் ஓஸ்டன் மத்யூஸ் 11.64 மில்லியன், ஜோன் டவாரஸ் 11, மிச் மார்னர் 10.9, வில்லியம் நீலாண்டர் 6.96. கூட்டினால் 40.5 மில்லியன். 2023-24 சீசனின் சம்பள உச்சவரம்பு 83.5 மில்லியன். நான்கு பேருக்குக் கிட்டத்தட்ட அரைவாசி, மிச்ச அரைவாசியில் ஒரு முழு அணி. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத கதை திகதிகள். மத்யூஸின் ஒப்பந்தம் 2024 கோடையில் முடிவதாக இருந்தது. நீலாண்டருடையதும் 2024 கோடையில் முடிவதாக இருந்தது. மார்னர், டவாரஸ் இருவருக்கும் 2025.

இரண்டு நட்சத்திரம், ஒரே கோடை. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா?

இந்தத் திகதிகளை ட்ரெலிவிங் போடவில்லை, டூபஸ் போட்டது. ஆனால் அதைத் தீர்க்கக் கொண்டுவந்த ஆள் இதே பரீட்சையை 2022இல் எழுதினவர். 2021 கோடையிலேயே கோட்ரோவின் ஒப்பந்தத்தை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. அவரைக் கொடுத்து யாரையாவது எடுக்கவும் இல்லை. அணி நன்றாக ஆடுகிறது, பிளேஓஃபுக்குப் போகிறோம், முடிய பார்ப்போம் என்று இருந்தார்கள். முடிந்தபோது கையில் ஒன்றுமில்லை.

லீஃப்ஸுக்கு அப்படி இருந்து பார்க்கவும் நேரமிருக்கவில்லை. 2023 ஜூலை 1ஆம் திகதியில் இருந்து மத்யூஸையும் மார்னரையும் அவர்கள் சம்மதமில்லாமல் எங்கும் அனுப்ப முடியாது என்ற நிலை. ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை அன்றுதான் உயிர்பெற்றது. நீலாண்டரும் அன்றிலிருந்து பத்து அணிகளுக்குப் போகமாட்டேன் என்று பட்டியல் கொடுக்கலாம் என்று இருந்தது. ஆக, அந்தத் திகதிக்கு முதல் ஜி.எம். கையில் ஒரு நெம்புகோல் இருந்தது, அதற்குப் பிறகு வீரர்களின் கையில். புதிய ஜி.எம்முக்குக் கிடைத்தது ஒரு மாதம். இதில் இன்னொரு கூத்து. 2023 ஜூன் 28, 29ஆம் திகதிகளில் நாஷ்வில்லில் நடந்த டிராஃப்டில் ட்ரெலிவிங் லீஃப்ஸின் மேசையில் இருக்கக்கூடாது என்று இருந்தது. கல்கரியின் திட்டங்கள் எல்லாம் தலைக்குள் இருப்பதால் ஃபிளேம்ஸ் போட்ட நிபந்தனை அது. வருடத்தின் மிக முக்கியமான இரண்டு நாளில் ஜி.எம். வெளியே.

இனி ஹொக்கிக்கு வெளியே உள்ள ஒரு விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் எங்கட பிள்ளைகளுக்கு எழுதுகிற இடத்தில் இதை எழுதிப் பிரயோசனமில்லை.

ட்ரெலிவிங் 2018இல் வேலைக்கு எடுத்த பயிற்றுநர் பில் பீற்றர்ஸ். 2019 நவம்பரில் அக்கீம் அலியூ என்ற, நைஜீரியாவில் பிறந்த முன்னாள் வீரர், பத்து வருடத்துக்கு முதல் சிறிய லீக் ஒன்றில் பீற்றர்ஸ் தன்னை இனவெறிச் சொல்லால் பலமுறை திட்டியதாக வெளியே சொன்னார். உடைமாற்றும் அறையில் அலியூ போட்ட பாட்டுப் பிடிக்கவில்லையாம். அப்போது அலியூவுக்கு வயது 20. பிறகு கரொலைனாவில் பீற்றர்ஸ் பயிற்றுநராக இருந்தபோது ஒரு வீரரை உதைத்ததாகவும் குற்றச்சாட்டு வந்தது. நான்கு நாளில் பீற்றர்ஸ் பதவி விலகினார்.

அந்தச் சொல்லைச் சொன்னது ட்ரெலிவிங் இல்லை. அது நடந்தபோது அவர் ஃபீனிக்ஸில் வேலை. விஷயம் வெளியே வந்த பிறகு விசாரித்ததும் அவர்தான். ஆனால் ஒருவரை வேலைக்கு எடுக்கமுதல் அவரோடு வேலை செய்தவர்களைக் கேட்பது என்று ஒன்று இருக்கிறது. மேலே இருப்பவர்களை மட்டும் கேட்டால் எல்லோரும் தங்கம்தான். கீழே இருந்தவர்களைக் கேட்கவேண்டும். நீங்கள் பகுதிநேர வேலைக்குப் போகும்போது கூட இரண்டு பேரின் பெயர் கேட்கிறார்கள், தொலைபேசி எடுத்தும் பார்க்கிறார்கள். கரொலைனாவில் பல பேருக்குத் தெரிந்திருந்த விஷயம் கல்கரியின் நேர்முகத்தில் ஏன் வரவில்லை? வந்திருந்தால் ஏன் பொருட்படுத்தவில்லை? இன்று லீஃப்ஸ் ஆட்டத்துக்குப் போனால் எங்கட நிறத்தில் எத்தனை பிள்ளைகள் நீலச் சட்டையோடு நிற்கிறார்கள் என்று பாருங்கள். பனியில் இறங்கி விளையாடுகிற எங்கட பிள்ளைகளும் மெல்ல மெல்லக் கூடுகிறார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு கேள்வியும் சின்ன விஷயம் இல்லை.

இப்போது அந்த "அனுபவம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கட வீடுகளில் அந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அங்கே பொறியியலாளராக, ஆசிரியராக, கணக்காளராக இருந்து இங்கே வந்தவர்களுக்கு நேர்முகத்தில் கிடைத்த பதில் என்ன? "கனேடிய அனுபவம் இல்லை." செய்து காட்டுகிறேன் என்று சொன்னாலும் கேட்கவில்லை. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம் 2013இல்தான், அப்படிக் கேட்பதே பாகுபாடாக அமையும் என்று கொள்கை வெளியிட்டது. அதற்குள் எத்தனை அப்பாக்கள் தொழிற்சாலை இரவு வேலையில் முதுகை முறித்துவிட்டார்கள்.

உள்ளே வர முடியாதவனுக்கு அனுபவம் இல்லை என்பது தடை. உள்ளே இருப்பவனுக்கு அனுபவமே தகுதி, அந்த அனுபவத்தில் என்ன நடந்தது என்று கேட்பாரில்லை. 2023 ஏப்ரல் 17ஆம் திகதி கல்கரியை விட்டு வெளியேறிய ஒருவருக்கு ஆறு கிழமையில் உலகத்திலேயே பணக்கார ஹொக்கி அணிகளில் ஒன்றின் சாவி கிடைத்தது. டூபஸைப் பாருங்கள், மே 19 நீக்கினார்கள், ஜூன் 1 பிற்ஸ்பேர்க்கில் இன்னும் பெரிய பதவி. இந்த லீக்கில் 32 ஜி.எம். கதிரை இருக்கிறது, ஆட்கள் அதைச் சுற்றிச் சங்கீதக் கதிரை ஓடுகிறார்கள். பாட்டு நின்றால் ஒருவரும் வெளியே போவதில்லை, கதிரையைத்தான் மாற்றிக்கொள்கிறார்கள்.

இந்த விளையாட்டில் அப்போது பாட்டுப் போட்டவர் பிரெண்டன் ஷானஹன். 2014 ஏப்ரலில் இருந்து 2025 வரை லீஃப்ஸின் தலைவராக இருந்தவர். அவர் தொடங்கியது ட்ரெலிவிங் கல்கரிக்குப் போன அதே மாதம். 2023 வரையான ஒன்பது வருடத்தில் பயிற்றுநர்கள் மாறினார்கள், ஜி.எம். மாறினார்கள், வென்ற தொடர் ஒன்று. டூபஸை நீக்கிய அன்று பத்திரிகையாளர் முன் அந்தக் கிழமை நடந்ததை நாள் நாளாக விவரித்தார், யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்பது வரை. தன்னுடைய ஒன்பது வருடத்தை அப்படி விவரிக்கவில்லை. நீக்கிப் பன்னிரண்டு நாளில் அடுத்தவரை எடுத்தாயிற்று. ஒரு நகரத்தின் 56 வருடக் காத்திருப்புக்குப் பன்னிரண்டு நாள் தேடல்.

ட்ரெலிவிங் என்ன செய்தால் நான் வாயை மூடுவேன் என்று ஒரு நண்பன் கேட்டான். சுலபம். 2023 ஜூலை 1க்கு முதல் நீலாண்டரோடும் மார்னரோடும் பேசி முடிவெடுக்கவேண்டும் என்றேன். இருக்கிறவர் யார், போகிறவர் யார். போகிறவருக்குப் பதிலாகப் பாதுகாப்பு வரிசையில் ஒருவர் வேண்டும், கோலியைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். மத்யூஸ் ஜூலை 1இல் இருந்துதான் நீடிப்பில் கையெழுத்திடலாம் என்று இருந்தது. அந்தக் கடதாசி கோடைக்குள் வரவேண்டும், எத்தனை வருடத்துக்கு என்பதையும் பார்ப்பேன் என்றேன். மூன்று, நான்கு வருடத்துக்கு என்று வந்தால் அது எந்தக் கோடையில், யாருடைய ஒப்பந்தத்தோடு சேர்ந்து முடிகிறது என்று ஒரு பேனையும் தாளும் எடுத்து எழுதிப் பார்க்கப்போகிறேன் என்றேன். நீங்களும் எழுதிப் பாருங்கள், கூட்டல் கணக்குத்தான்.

அதற்கு அடுத்த பத்திரிகையாளர் சந்திப்பில் ஒருவராவது அவரிடம் கேட்கவேண்டியிருந்த கேள்வியும் அதுதான்: "2021 கோடையில் கோட்ரோ விஷயத்தில் என்ன நினைத்துக் காத்திருந்தீர்கள், நீலாண்டர் விஷயத்தில் எதை வேறுமாதிரிச் செய்யப்போகிறீர்கள்?" ஜூன் 1 அன்று அவருடைய அப்பாவைப் பற்றி, அவர் தொலைக்காட்சியில் வந்தவர் என்பதைப் பற்றி எல்லாம் பேச நேரம் இருந்தவர்களுக்கு இதற்கும் ஒரு நிமிடம் இருந்திருக்கும்.